பஞ்சாரத்துக்கு உடுத்திய கவுன்

என் அத்தையின் கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்பதில் எனக்கும் என் தம்பிக்கும் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பின்பாதி என்பது வரை இருவரும் ஒப்புக்கொள்கிறோம். பருவத்தில் சந்தேகமே இல்லை. ஈஸ்டருக்கு முந்தின நோன்பான லெந்து காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் கல்யாண மணி அடிக்காது. அதற்கு முந்தின வாரமே முடித்துவிட வேண்டும் என்று ஆம்பூரில் எங்கள் வீடு ஓட்டமும் நடையுமாக இருந்தது. எனக்கு அப்போது முன்பற்கள் விழுந்துகொண்டிருந்தன.

அந்த ஓட்டத்தை இரட்டிப்பாக்கியது ஒரு கவுன். அத்தை வேலூரில் விடுதியில் தங்கிப் படித்தவள். அந்தப் பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி, சீமையிலிருந்து வந்த துணிப்பெட்டியில் கிடைத்த வெள்ளைப் பட்டுக் கவுனை அவளுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்திருந்தார். அதன் பின்புறம் இடுப்பிலிருந்து இறங்கி, தரையில் ஓர் ஆள் நீளத்துக்குப் புரண்டது. அத்தை அதைத் தோகை என்றாள். பெரியப்பா வால் என்றார். கோயிலுக்குள் அதன் நுனியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பதவி எனக்கு. அந்த வாரம் முழுவதும் கண்ணில் பட்டவர்களின் முந்தானையை எல்லாம் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து ஒத்திகை பார்த்தேன். மீன்காரி ஒருத்தி என்னைத் தெருக்கோடி வரை இழுத்துக்கொண்டே போனாள்.

சிக்கல், கோயிலுக்கு வெளியில் இருந்தது. அங்கிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பேண்டு வாத்தியத்தோடு நடந்துதான் போக வேண்டும். வழி நெடுகத் தோல் பதனிடும் கொட்டகைகள். ஆவாரம்பட்டை ஊறிய சிவப்புத் தண்ணீர் கால்வாயில் அடங்காமல் நடுத்தெரு வரை வரும். துணியில் பட்டால் சலவைக்காரர் கைவிரித்துவிடுவார்.

மாப்பிள்ளையின் அம்மா பூ வைக்க வந்த அன்றே இதைச் சொல்லிவிட்டார்.

"கோயில்ல கவுனு போட்டுக்கட்டும், நான் வாணாம்னு சொல்லல. ஆனா எங்க வூட்டு வாசப்படி மிதிக்கும்போது ஒரு சொட்டு கறை இருந்தாலும், பந்திக்கு மின்னாடியே நாங்க எடுத்த கூறைச்சேலையக் கட்டிக்கணும். கறை இல்லன்னா சாயந்திரம் வரைக்கும் கவுனோடவே இருக்கட்டும்."

அத்தைக்கு அந்தச் சாயந்திரம் வேண்டியிருந்தது. அவளோடு படித்தவர்கள் வேலூரிலிருந்து மத்தியான ரயிலில்தான் வருவார்கள். பந்தி நேரத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். அவர்கள் பார்க்காத கவுனைப் போட்டு என்ன பயன்?

ஆகவே, கோயிலை விட்டு வெளியே வந்ததும் தோகையை எப்படித் தூக்கிக் கட்டுவது என்று முடிவு செய்யத் தையல்கார பாய் வரவழைக்கப்பட்டார். மணப்பெண்ணை நிறுத்திவைத்து ஆண்பிள்ளை முடிச்சுப் போடலாகாது என்பதால், கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தை அடிப்பலகையோடு தூக்கி முற்றத்தில் ஒரு முக்காலிமேல் ஏற்றி, அதற்குக் கவுனை மாட்டினார்கள். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று உத்தரவிட்டாள். பாய் ஊசியைக் கையில் எடுத்த நேரம், கவுனுக்குள்ளிருந்து சேவல் கூவியது. அதை வெளியே விட எல்லாரும் மறந்திருந்தோம்.

முதலில் நுனியில் வளையம் தைத்துக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்றார் பாய்.

"ஒரு கையில பூச்செண்டு, ஒரு கையில மாப்பிள்ள. வாலப் புடிக்க மூணாவது கைக்கு எங்க போவா?" என்றாள் அம்மா.

"அப்ப உள்ளாற ரிப்பன் வச்சு இழுத்துக் கட்டிடலாம்மா. வெளியே தெரியாது. ஆனா நடக்கச்சொல்ல அவுந்துச்சுன்னா பேஜாரு."

மூன்றாவது வழியைச் சொல்லாமல் செய்தே காட்டினார். தோகையை அடுக்கடுக்காக மேலே மடித்து, இடுப்பில் வரிசையாக வைத்த பொத்தான்களில் மாட்டினார். பஞ்சாரத்தின் பின்னால் வெள்ளையாக ஒரு குன்று எழுந்தது.

"இதுதான் பாய். இதுதான், இதுதான்" என்றது கதவு.

"அரிசி மூட்டை ஏத்தின மாதிரி கீது" என்றார் பெரியப்பா.

"கொஞ்சம் ஜாஸ்திதான்யா. சீமையில ராணிங்களே இப்படித்தான் கட்டுறாங்களாம்" என்றார் பாய்.

பொத்தான்களில் மாட்டத் தோகையில் வைத்திருந்த நூல் காது பாரம் தாங்காமல் அறுந்தது. பெரியப்பா கொட்டகையில் தோல் தரம் பிரிப்பவர். கேலி செய்த அவரே மெல்லிய ஆட்டுத்தோல் வார்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பாய் அவற்றைக் காதாகத் தைத்தார். "மாடு கட்டி இழுத்தாலும் அறாது" என்றார் பெரியப்பா. பஞ்சாரத்தைத் தூக்கி முற்றத்தைச் சுற்றி வந்தோம். குன்று அசையவில்லை. சந்தோஷத்தில் நான் அன்று சாப்பிடவே இல்லை.

கல்யாணத்தன்று எல்லாம் அப்படியே நடந்தது. கோயிலில் தோகை பிடித்தேன். வாசலில் அம்மா வார்களை மாட்டினாள். பேண்டு முழங்க, சிவப்புத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தோம். மாப்பிள்ளையின் அம்மா வாசற்படியில் நின்று அத்தையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சுத்தமாத்தான் இருக்குது. உள்ள வா" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று அம்மாவின் கையைக் கிள்ளினேன்.

ரயிலில் வந்தவர்களும் வந்தார்கள். பந்திப்பாய் விரித்து இலை போட்டார்கள். மாப்பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்தார். அத்தை பக்கத்தில் உட்காரக் குனிந்தாள், முடியவில்லை. பின்னாலிருந்த குன்று அவளுக்கு முன்பே பாயில் உட்கார்ந்து, அவளை இலைமேல் தள்ளியது. எழுந்து திரும்பவும் முயன்றாள். பட்டு நசுங்கியதே தவிர வார்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அத்தனை பேர் கூடி யோசித்தது பஞ்சாரத்தை வைத்து. பஞ்சாரத்துக்கு உட்காரும் வழக்கம் இல்லை.

தோகையை அவிழ்த்துவிட்டால் குழம்பு வாளியோடு பரிமாறுகிறவர்கள் அதன்மேல்தான் நடக்க வேண்டும். வேலூர்க்காரிகள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். அத்தையின் கண் நிறைந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். கூறைச்சேலை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தோகையை விசிறிபோல மடித்துக்கொண்டே வந்து, வலது இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து, மார்பின் குறுக்கே ஏற்றி, இடது தோள்மேல் போட்டு நுனியை இடுப்பில் செருகினார்.

"இப்ப உக்காரு."

அத்தை சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு மடிப்பும் கலையவில்லை.

"இன்னாடி இது, புது மாதிரி. எந்தத் தையக்காரரு?" என்றாள் வேலூர்க்காரி ஒருத்தி.

"எங்க மாமியாரு" என்றாள் அத்தை. அழுதுகொண்டே சிரித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கறை பட்டால் சேலைதான் என்று சொன்னவர், கறை படாமல் போனதும் கடைசியில் கவுனையே சேலையாக்கித் தந்திரமாக ஜெயித்துவிட்டார் என்பது என் தீர்ப்பு. அந்தத் தீர்ப்போடு பல வருஷம் அவரோடு பேசாமலே இருந்தேன்.

பிறகு நானும் சேலை கட்டத் தொடங்கினேன். புதுத் துணி எதுவும் முதல் தடவையிலேயே சொன்னபடி விழாது. எங்கே மடிக்கத் தொடங்குவது, உட்கார்ந்தால் முழங்காலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதெல்லாம் இரண்டு மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினால்தான் பிடிபடும். அவர் கையில் அது ஒரே வீச்சில் விழுந்தது. கவுனோடு அத்தை பந்தியில் உட்காரத் தவிப்பாள் என்று எண்ணி, ஏதாவது ஒரு நீளத் துணியை வைத்துக்கொண்டு, அவர் முன்னமே கட்டி, உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில் வேறு பெண்கள் கிடையாது. கட்டிப் பார்த்திருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு தன்மேல்தான் கட்டிப் பார்த்திருப்பார்.