சண்டை போட ஒரு கார்

எங்கள் பகுதியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு கற்றுக்கொடுத்த பெண்மணியின் பெயர் தெரியாது. கிளட்ச் அக்கா என்றால் தெரியும். எதிரே லாரி வந்தாலும் சரி, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, அவர் குரல் ஒரே சுருதியில் இருக்கும். “கிளட்ச்ச மிதிங்க. பயப்படாதீங்க. லாரிக்காரருக்கும் உயிர் மேல ஆசை இருக்கும்.”

பயிற்சிக் கார் என்பதால் அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மிதித்தது தெரியாமல் மிதிப்பார். கார் நிற்கும். தானே நிறுத்திவிட்டதாக நினைத்துக் கற்றுக்கொள்பவர் மீசையை முறுக்கிக்கொள்வார்.

தெருவில் இத்தனை நிதானமாக இருப்பவர், மாடியேறி வீட்டுக் கதவைத் திறந்ததும் வேறு ஆளாகிவிடுவார். காரணம் பத்து வயது மகள். உருவம் சிறியது, காரம் பெரியது என்பதால் வீட்டில் அவள் பெயர் மிளகு.

முந்தைய ஆண்டு மிளகுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. இரண்டும் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டன என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் வீட்டில் இருந்தது வேறு ஒரு பெண். தோல் வெடிக்கும்வரை கை கழுவினாள். கண்களை ஓயாமல் சிமிட்டினாள். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். அம்மா குளியலறைக்குப் போனால் வெளியே நின்று அழுதாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக உறவினர்கள் சொன்னார்கள். கண்டிப்பு அதிகம் என்றும் சொன்னார்கள். இரண்டையும் சொன்னது ஒரே ஆட்கள்தான்.

பல ஆஸ்பத்திரிப் படிகள் ஏறி இறங்கிய பிறகு ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்தார். தொண்டைக் கிருமியோடு மல்லுக்கு நிற்கப் போன உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் மூளையில் ஒரு பகுதியைப் போட்டுச் சாத்திக்கொண்டிருந்தது. கிருமிக்கு மருந்து, அங்கே வந்த வீக்கத்துக்கு மருந்து, பயத்தோடு பழகக் கற்றுத்தர ஓர் ஆலோசகர் என்று மாதக்கணக்கில் போராடி மிளகைத் திரும்ப வாங்கினார்கள்.

கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: “இது மறுபடி தலை தூக்கலாம். தொண்டை வலின்னா உடனே கூட்டிட்டு வாங்க. சில பிள்ளைங்களுக்கு மன அழுத்தமும் இதைக் கிளப்பி விடுது. முடிஞ்ச அளவுக்கு டென்ஷன் இல்லாம பாத்துக்குங்க.”

இதில் ‘முடிஞ்ச அளவுக்கு’ என்பது மட்டும் கிளட்ச் அக்காவின் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் டென்ஷனுக்குத் தடை. டிக்டிக் என்கிற சுவர்க் கடிகாரம் இறங்கியது. தொலைக்காட்சியில் செய்தி நின்றது. கதவுகளுக்கு ரப்பர் ஒட்டப்பட்டது. “டென்ஷனா இருக்கியாடா கண்ணு?” என்று மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கிற முகத்தைப் பார்த்தால் யாருக்கும் டென்ஷன் வரும்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தம்பதி சண்டை போடாமல் இருக்கத் தெரியாதவர்கள். கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். முடியிழை தவறினாலும் கெட்டது என்று வேலையில் பார்க்கிற பழக்கத்தைப் பேச்சிலும் வைத்திருந்தார். மகள் முன்னால் சண்டை கூடாது. ஆனால் சண்டை போட்டே ஆக வேண்டும். அக்காவுக்குத்தான் அந்த யோசனை வந்தது.

“என்னங்க, கீழ வாங்க. கார்ல பேசிக்கலாம்.”

பால்கனிக்கு நேர் கீழே, தலையில் பயிற்சிப் பலகையோடு கார் நிற்கும். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு இருவரும் உள்ளே உட்காருவார்கள். கணவர் ஸ்டியரிங் பக்கம், மனைவி தம் வழக்கமான இடத்தில். ஆசை தீரச் சண்டை போட்டுவிட்டு, புன்னகையோடு மாடியேறுவார்கள். இதைவிட நாகரிகமான ஏற்பாடு இருக்க முடியாது என்று இருவருக்கும் பெருமை.

அந்தச் சமயத்தில் சண்டைக்கு ஒரே விஷயம்தான். பள்ளியில் ஓர் ஏரிக்கரை முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். ஒரு ராத்திரி அங்கேயே தங்க வேண்டும். மிளகு போயே தீருவேன் என்றாள். அனுப்பலாம் என்றார் அப்பா. தலை போனாலும் முடியாது என்றார் அம்மா. மகளிடம் மட்டும் இருவரும் ஒரே குரலில், “பாக்கலாம்டா” என்றார்கள்.

முகாமுக்குச் சில வாரங்கள் இருக்கையில் மிளகின் கண்கள் மறுபடி சிமிட்டத் தொடங்கின. குழாய் நீண்ட நேரம் ஓடியது. பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, “நீ வீட்லயே இருப்பல்ல? இருப்பேன்னு சொல்லு. இன்னொரு தடவ சொல்லு” என்றாள். அக்கா சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் சுருதி இறங்கிக்கொண்டே போனது. போன வருடம் முழுவதும் கண் முன்னால் வந்து நின்றது. அன்றே டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

தொண்டையில் பஞ்சு விட்டுச் சோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். புதிதாகக் கிருமி எதுவும் அகப்படவில்லை.

“வீட்ல ஏதாவது மாற்றமா?”

“அய்யோ, ஒண்ணுமே இல்ல டாக்டர்!” என்றார் அக்கா. “ஒரு சத்தம் கிடையாது. நாங்க ரெண்டு பேரும் முகம் சுளிக்கறதுகூட இல்ல.”

“கார்ல சுளிப்பாங்க” என்றாள் மிளகு.



“நீ சொல்லும்மா” என்றார் டாக்டரம்மா.

“தெனம் கார்ல போய் ஒக்காருவாங்க. எங்கேயும் போக மாட்டாங்க. நான் பால்கனிலேர்ந்து பாப்பேன். சத்தம் கேக்காது. அம்மாக்குக் கோவம் வந்தா பின்னாடி செவப்பு லைட் எரியும். நேத்து எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுது. பிரியப் போறாங்களா, இல்ல எனக்கு ஏதோ பெருசா வந்திருக்கா? அதான் எங்கிட்ட சொல்லல.”

கணவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். “நீ பிரேக்க மிதிச்சியா?”

“பழக்கம்” என்றார் அக்கா, சிறிய குரலில். “நீங்க பேசினா நிறுத்தணும்னு கால் தானா போகுது.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. சிரித்து முடித்து நிதானமானார். “அதனாலதான் கிளம்புச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இந்த நோய்ல நமக்குத் தெரியாதது நிறைய. ஆனா அவ பயந்திருக்கா, அது நிச்சயம். வீக்கத்துக்குக் கொஞ்ச நாள் மருந்து தரேன். ஆலோசகரப் போய்ப் பாருங்க. அப்புறம், சண்டைய வீட்ல போடுங்க. என்ன சண்டைன்னு பிள்ளைக்குத் தெரியட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். சண்டையை எப்படித் தொடங்குவது என்று பெரியவர்களுக்கு வெட்கமாக இருந்தது. மிளகுதான் எடுத்துக் கொடுத்தாள். “ஆரம்பிங்க.”

“அவள அனுப்பலாம்னு சொல்றேன்” என்றார் அப்பா.

“அங்க ராத்திரி இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்களா நீந்திப் போவீங்க?”

“ரோடு இருக்கும்மா. நீதான் வண்டி ஓட்டுவியே!”

மிளகு வாய் பிளந்தாள். “இதுக்கா? இத்தன நாளா சண்டை இதுக்கா?” அப்புறம் அவளும் சேர்ந்துகொண்டாள். மூவரில் அவள் குரல்தான் ஓங்கியிருந்தது. கடைசியில் ஓர் உடன்பாடு: கண் சிமிட்டல் அடங்கினால், ஆலோசகர் சரி என்றால், போகலாம், பயம் வந்தால் டீச்சரின் போனில் கூப்பிடலாம், அம்மா வந்துவிடுவார்.

மருந்து வேலை செய்ததா, மேசைச் சண்டை வேலை செய்ததா, சொல்ல முடியாது. இரண்டுமே தங்கள் சாதனை என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். மெதுவாக, இரண்டடி முன்னும் ஓரடி பின்னுமாக, சிமிட்டல் தணிந்தது. ஆலோசகர் தலையசைத்தார். மிளகு முகாமுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் போன் அடித்தது. டீச்சரின் எண். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே எடுத்தார்.

“கண்ணு! வரவா? இதோ கெளம்பிட்டேன்!”

“எதுக்கு? டீச்சர் எல்லாரையும் வீட்டுக்கு ஒரு தடவ பேசச் சொன்னாங்க. பேசிட்டேன். அங்க படகுல என் முறை வந்துடுச்சும்மா, வைக்கறேன்.”

வைத்துவிட்டாள்.

அம்மா இல்லாமல் ஒரு நிமிடம் இருக்க மாட்டேன் என்று கதறிய பிள்ளை. இந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை பாடும். கிளட்ச் அக்கா போனைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார்.

“சாப்டியான்னு ஒரு வார்த்த கேட்டாளா பாருங்க!” என்றார் கணவரிடம், செருப்பைக் கழற்றியபடி. “எல்லாம் நீங்க குடுத்த எடம்.”

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, வசதியாக உட்கார்ந்துகொண்டு, பதில் சொல்லத் தொடங்கினார்.