இரங்கல் செய்தி எழுதிய செயலாளர்

ஏரவாடாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுத்தபோதுதான் அதன் செயலாளர் எனக்குப் பழக்கமானார். மடிப்புக் கலையாத சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒற்றை விரலால் தட்டச்சு செய்வார். கோடிங் தெரியாதவரும் தளத்தில் எழுதி வெளியிடலாம், வெளியிடாமல் வரைவாகவும் வைத்திருக்கலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

நோயில் கிடந்த உறுப்பினர் ஒருவருக்கு அவர் இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதினார். ‘சேமி’க்குப் பதில் ‘வெளியிடு’ பட்டனை அமுக்கிவிட்டார். அந்த வீட்டிலிருந்தே அவருக்குப் போன் வந்தது. உடனே என்னைக் கூப்பிட்டார்.

“நீக்கிட்டேன் சார். இனி யாரும் பாக்க முடியாது,” என்றேன்.

“அரே, அவங்க பாத்துட்டாங்களே! கூட வாங்க தம்பி, தனியா அந்த வாசல்ல நிக்க என்னால முடியாது.”

நோயாளி கட்டிலில் சாய்ந்திருந்தார். செயலாளர் தலை நிமிரவில்லை.

“மன்னிச்சிருங்க,” என்றார்.

“என்னதான் எழுதினீங்க? படிங்க, கேக்குறேன்.”

நீக்கிய பதிவு தளத்தின் குப்பைக்கூடையில் அப்படியே இருந்தது. என் போனில் எடுத்துக் கொடுத்தேன். ‘மறைந்தார்’ என்ற சொல்லைக்கூட விடாமல் செயலாளர் கடைசிவரை படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க,” என்றார் நோயாளி.

வெளியே வந்த பிறகும் செயலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வீட்டுக்குப் போயிருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.