சாவிக்காரி வீட்டுத் தண்ணீர்

என் மகள் வாக்கப்பட்டுப் போன ஊரைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் எனக்கு வாய் மூடாது. நான் அங்கே போனதில்லை, பாஸ்போர்ட்டுகூடக் கிடையாது. ஆனாலும் ஈரானின் கிழக்கு ஓரத்தில், ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிக் கிடக்கிற அந்த மாவட்டத்தை நேரில் பார்த்தவள் மாதிரிதான் பேசுவேன். கோடை பிறந்தால் ஓயாமல் காற்றடிக்கும்; நூற்றிருபது நாள் காற்று என்று அதற்கு அங்கே பேரே உண்டு. அந்தக் காற்றில் சுற்றட்டும் என்று மண்ணாலும் மரத்தாலும் பாட்டன் பூட்டன் கட்டிய காற்றாலைகள் மேட்டில் வரிசையாக நிற்கின்றன. மழை பேருக்குத்தான். மலையடியிலிருந்து பூமிக்குள்ளேயே குடைந்து கொண்டுவந்த வாய்க்காலில் வருகிற தண்ணீரை வைத்துத்தான் கோதுமையும் குங்குமப்பூவும் விளைகின்றன.

மாப்பிள்ளை புனேயில் படிக்க வந்த பையன். ஊருக்கு எடுத்துப் போக லெதர் பை வாங்கவென்று தாராவியில் எங்கள் பட்டறைக்கு வந்தார். வாங்கினார். அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். ஒரு மனுசனுக்கு எத்தனை பைதான் வேண்டும்? எனக்கு அப்போதே சந்தேகம். அவர்களும் எங்களைப் போல சுன்னத் ஜமாத்துதான், தொழுகையெல்லாம் நம்மைப் போலத்தான் என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

அங்கே நிர்வாகம் எப்படி என்று மகள் எனக்குப் போனிலேயே பாடம் நடத்தியிருக்கிறாள். மாவட்டத்துக்கு ஒரு கவர்னர். அவருக்குக் கீழே பிரிவு பிரிவாக அதிகாரிகள். முன்னெல்லாம் கிராமத்துக்கு ஒரு மணியக்காரர் மாதிரி ஊர்த் தலைவர் இருந்தாராம், நிலக்காரர்களின் ஆள். இப்போது ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஊர்ச்சபை அமைக்கிறார்கள். அந்தச் சபை ஒருவரைப் பொறுக்கியெடுத்து, அதிகாரி கையெழுத்துப் போட்டால் அவர்தான் ‘தெஹியார்’. ரோடு, குப்பை, விளக்கு, குடிதண்ணீர் எல்லாம் தெஹியார் தலையில். நம்மூர் பஞ்சாயத்துத் தலைவரையும் முனிசிபாலிட்டி ஆபீசரையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி ஒரு வேலை.

அந்த வேலைக்கு என் மகள் மனுப் போட்டிருந்தாள். போய் இரண்டு பிள்ளை பெற்று, அந்த ஊர்ப் பேச்சை அந்த ஊர்க்காரிகளை விட வேகமாகப் பேசி, குங்குமப்பூ கிள்ளிக் கிள்ளி விரல் மஞ்சளாகியும், தெருவில் அவளுக்குப் பேர் ‘ஹிந்தி மருமகள்’தான், அதாவது இந்தியாக்காரி. இந்த வேலை கிடைத்தால் அந்தப் பேர் போகும் என்று அவளுக்கு ஆசை. எனக்கு அவளை விடப் பெரிய ஆசை. சபையில் மூன்று பேர். ஒருவர் சரி என்றார். ஒருவர், வெளிநாட்டுக்காரிக்கு நம் தண்ணீர் முறை என்ன தெரியும் என்று மறுத்துவிட்டார். மூன்றாமவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவர் வாயைத் திறக்கவே இல்லை.

அந்தப் பெரியப்பாதான் என் மகனுடைய கல்யாணத்துக்கு மகள், மருமகனோடு தாராவிக்கு வந்து இறங்கினார். உயரமான மனிதர், வெள்ளைத் தலைப்பாகை, வார்த்தைக்குப் பஞ்சம். டீ கொடுத்தால் வேண்டாம் என்பார். நான் விடுவேனா? இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை நீட்டியதும் நெஞ்சில் கை வைத்து வாங்கிக்கொண்டார். இது எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலி வழக்கம்தானே என்று எனக்கு உடனே மனசுக்குப் பிடித்துப் போயிற்று. ஜமீன், ஹவா, தர்வாஸா என்று பம்பாய் ஹிந்தியில் பாதி அவர் பாஷைதான். மீதிக்கு மாப்பிள்ளை இருந்தார்.

இனி எங்கள் சந்தின் குழாயைச் சொல்ல வேண்டும். விடியற்காலை கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். இரும்புப் பெட்டிக்குள் பூட்டிய ஒரே குழாயில் வரிசையாக வீட்டுக்கு வீடு ஹோஸ் மாட்டிப் பிடிக்க வேண்டும். முன்பு சாவி வைத்திருந்தவள் தன் டிரம் எல்லாம் நிரப்பிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு விடுவாள். ஒருநாள் குடுமிபிடிச் சண்டையாகி, சாவியை என் காலடியில் வீசிவிட்டுப் போனாள். எடுத்த கையோடு நான் ஒரு சட்டம் போட்டேன்: சாவி யாரிடம் இருக்கிறதோ அவள் வீடு கடைசியில்தான் பிடிக்கும். அன்றிலிருந்து எங்கள் சந்தில் குழாய்ச் சண்டை கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. தலைக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் பள்ளிக்கூடம் போன கோபத்தில் என் மகள்தான் அழுதிருக்கிறாள்.

கல்யாணத்தன்று விடியற்காலை வீடு நிறைய ஆள். கோவண்டியிலிருந்தும் கல்யாண் ஊரிலிருந்தும் வந்த சொந்தம், சமையல்காரர்கள். நான் அடுப்படியில் நின்றதால் சாவியை மகள் வாங்கிக்கொண்டு போனாள். தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவி ஒளு எடுக்கத் தண்ணீர் வேண்டி, தோளில் துண்டோடு பெரியப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஒரு பக்கெட்டிலும் சொட்டு இல்லை.

குழாய்ப் பக்கத்து வீட்டக்காள் நல்லவள். "கல்யாண வீடுல்லா, இன்னிக்கு நீங்க மொதல்ல புடிச்சிட்டுப் போங்க" என்றாள். அடுத்த மூன்று வீடும் ஆமாம் போட்டன. நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் மகள் ஹோஸைக் கையில் பிடித்தபடி நகரவில்லை.

"மொத நாலு வீடு சரின்னுட்டீங்க, சந்தோசம்க்கா. உங்களுக்குக் கொறையப் போறதில்ல. தண்ணி நின்னா கடைசி வீட்டுலதான் நிக்கும். அவங்ககிட்ட யாரு கேட்டா?"

வரிசையில் எங்களுக்கு முந்தின வீட்டில் புதிதாக வாடகைக்கு வந்த பெண், கைக்குழந்தையோடு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த புதுசு, முன்னால் வந்து கேட்கக் கூச்சம்.

எனக்கு வந்ததே கோபம். "ஏளா கூறுகெட்டவளே, ஒரு நாளு புடிச்சா குடியா முழுகிரும்? ஒன் ஓட்டு அங்க நாற்காலில உக்காந்திருக்கு பாத்தியா?"

"சட்டம் போட்டது நீ உம்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

வரிசைப்படிதான் விட்டாள். கைக்குழந்தைக்காரியின் டிரம் முக்கால் ஏறியபோது குழாய் காற்றை இழுத்தது, அப்புறம் நின்றுபோயிற்று. எங்கள் ஹோஸ் மாட்டியபடியே கிடந்தது. மாப்பிள்ளை நடந்ததையெல்லாம் பெரியப்பா காதில் அவர்கள் பார்சி பாஷையில் சொல்லிக்கொண்டிருப்பதை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று சமையல்காரர் கையிலிருந்த வெங்காயத்தை நானே பிடுங்கி அரிய ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் குழாய்ப் பக்கத்து வீட்டக்காள் ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். பின்னாலேயே அடுத்த வீடு. எதிர் வீட்டுத் தம்பி இரண்டு குடம் கொண்டு வந்து வைத்தான். கடைசியில் கைக்குழந்தைக்காரி ஒரு சின்னக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தபோது, நான் அரிந்துகொண்டிருந்த வெங்காயம் எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. பெரியப்பா ஒரே ஒரு சொம்பு கேட்டு வாங்கினார். அதில் பாதியை மிச்சம் வைத்தே ஒளுவை முடித்தார்.

நிக்காஹ் முடிந்து பிரியாணி சாப்பிடும்போதுதான் அவர் வாய் திறந்தார். மாப்பிள்ளை ஹிந்தியில் எனக்குச் சொன்னார். பெரியப்பாவின் வாப்பாதான் அந்தக் கிராமத்தின் கடைசி ஊர்த் தலைவராம். அடியில் ஓட்டை போட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விட்டு, அது நிரம்பி முங்கினால் ஒருவன் முறை முடிந்தது என்று வாய்க்கால் தண்ணீரைப் பங்கு வைத்த காலம். தண்ணீர் வற்றிய ஒரு வருசம் அவர் வாப்பா தன் வயலுக்கு முதலில் திருப்பிக்கொண்டார். மேலே இருந்த வயல்காரர்கள் தலைவருக்குத்தானே என்று விட்டுக்கொடுத்தார்கள். கீழே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் பயிர் கருகிப் போயிற்று. இன்றைக்கும் அந்தக் குடும்பங்கள் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாராம்.

அதோடு சரி. ஓட்டுப் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அவர் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தேன். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது மட்டும் குழாய்ப் பெட்டியின் முன்னால் நின்று, பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்ஸியில் ஏறினார்.

ஊர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் மாப்பிள்ளை போன் செய்தார். மூன்றில் இரண்டு ஓட்டு. அதிகாரி கையெழுத்தும் ஆகிவிட்டது. நான் செருப்புகூடப் போடாமல் தொண்ணூறடி ரோட்டில் இருக்கிற எங்கள் பட்டறைக்கு ஓடினேன். அங்கே தமிழன், பிகாரி, மராட்டி என்று பார்க்காமல் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். என் மக அங்க ஒரு ஊருக்கே ஆபீசர் என்று நான் சொன்னபோது ஒருத்தன் சிரித்தான். அவனுக்கு இனிப்பு இல்லை.

போன கோடையில் அங்கே குடிதண்ணீர்க் குழாய் உடைந்து நாலு நாள் ஊரே தவித்தது. என் மகள் பிரிவு ஆபீசில் போய் உட்கார்ந்து, ஆளை அனுப்பாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சண்டை போட்டுச் சரி பண்ணிவிட்டாள். தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிட்ட அன்று வீடியோவில் வந்தாள். காற்று போனுக்குள்ளேயே இரைந்தது. தலைத்துணி பறக்க, ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் பெண்கள் குடம் பிடிப்பதைக் காட்டினாள். அவர்கள் அவளை ‘தெஹியார், தெஹியார்’ என்று கூப்பிடுவது எனக்கே கேட்டது.

"ஒன் வீட்டுக்கு வந்திருச்சா புள்ள?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல உம்மா" என்றாள். "சாவி எங்கிட்டல்லா இருக்கு."