முதலில் இருந்தபடி

செருப்பைக் கீழே கழற்றி விட்டுத்தான் லாரிக்குள் ஏறுவார் என் மாப்பிள்ளை. ஏறினவுடன் எதையும் தொடமாட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்ப்பார். இருக்கை எவ்வளவு பின்னால் தள்ளியிருக்கிறது, கண்ணாடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ரேடியோ எவ்வளவு சத்தத்தில் பாடுகிறது. பிறகு போனை எடுத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார். கீழே நிற்கிற டிரைவருக்குப் பொறுக்காது. "என்ன தம்பி, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீங்க? வேலையை ஆரம்பிங்க" என்பார்.

"முதல்ல இருந்தபடி திரும்ப வைக்கணுமில்லங்கய்யா" என்பார் மாப்பிள்ளை. அவர் வாயில் எல்லாருமே ஐயாதான். மீசை முளைக்காத டிரைவர் வந்தாலும் ஐயா. அண்ணே என்று ஒருத்தரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இப்போது வருகிற புது லாரிகளுக்கு ஒரு மூளையும் வைத்தே அனுப்புகிறார்கள். ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். வண்டி எந்த வேகத்தைத் தாண்டக் கூடாது, நிற்கிற வண்டி எத்தனை நிமிடத்தில் தானாக அணைய வேண்டும், கதவு திறந்திருந்தால் எவ்வளவு நேரம் கத்த வேண்டும், எல்லாம் அதற்குள் எழுதியிருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் வயரைச் செருகி, லேப்டாப்பை மடியில் வைத்து, அதை மாற்றிக் கொடுப்பதுதான் மாப்பிள்ளையின் பிழைப்பு. மாற்றவும் வேண்டும், கம்பெனி கொடுத்த வாரண்டி போகவும் கூடாது. வண்டியோடு வருகிற தடிப் புத்தகத்தில், சொந்தக்காரர் மாற்றிக்கொள்ளலாம் என்று கம்பெனியே விட்டுவைத்த இடங்கள் முப்பதோ நாற்பதோ இருக்கின்றனவாம். அவற்றில் மட்டும்தான் கை வைப்பார். அதற்கும் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தாக வேண்டும். எஞ்சினுக்கு இழுவையைக் கூட்டு என்று யாராவது வந்தால் முகம் சுருங்கிவிடும். "அது பூட்டின ரூமுங்கய்யா. நான் கதவைக்கூடத் தட்டமாட்டேன்."

வீட்டின் முன் அறைதான் பட்டறை. வருகிறவர்கள் உட்கார மூன்று நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியின் காலுக்கும் தரையில் வெள்ளைப் பெயின்டில் வட்டம் போட்டிருக்கிறார். ஆள் எழுந்து போனதும் நாற்காலி வட்டத்துக்குள் போய்விட வேண்டும். வீட்டுக்குள்ளும் இதே கதைதான். என் கட்டிலை நகர்த்திக் கூட்டுவதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள்வார். ஒருநாள் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மேசையில் கோணலாகப் போட்டிருந்தேன். மேசையைத் துடைத்துவிட்டு அதே கோணலில் திரும்ப வைத்தார். "விட்டா சாப்பிட்ட சோத்தைக்கூட முதல்ல இருந்தபடி தட்டுல வச்சிடுவாரும்மா" என்று என் மகள் சிரிப்பாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இந்தப் பழக்கம் எங்கே ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளைக்கு ஓர் அண்ணன். தகப்பன் இல்லாத வீட்டில் தான் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தம்பியைப் படிக்க வைத்தவர். இருபது வருடம் ஊரார் வண்டியை ஓட்டிவிட்டு, நாலு வருடத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு புது லாரி வாங்கினார். வாங்கின மாதமே தம்பியிடம் வந்தார். "மேட்டுல மூச்சு வாங்குதுடா. கொஞ்சம் இழுவை ஏத்திக் குடு" என்றார். அண்ணன் கேட்டு எப்படி மறுப்பது? பூட்டின அறையைத் திறந்தார் மாப்பிள்ளை. கம்பெனி எழுதினதை ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார். வண்டி சர்வீசுக்குப் போகும்போது பழையதை ஏற்றினார். வந்ததும் மறுபடி மாற்றினார். பதினோராம் மாதம் எஞ்சின் வெடித்து நின்றது. பதறிப்போய்ப் பழையதையே ஏற்றி, கம்பெனிக்கு இழுத்துப் போனார்கள்.

எழுதினதையெல்லாம் அழித்துத் திரும்ப எழுதலாம். பூட்டின அறைக்குள் எத்தனை தடவை எழுதினோம் என்கிற எண்ணிக்கையை மட்டும் அந்த மூளை தனியாக வைத்திருக்கிறதாம். அதை எந்த வயரும் அழிக்காது. கம்பெனி எழுதியது ஒன்று. புது வண்டியில் அந்த ஒன்றுதான் இருக்க வேண்டும். இந்த வண்டியில் ஐந்து இருந்தது. கம்பெனி ஆள் திரையைத் திருப்பிக் காட்டி, "மீதி நாலு தடவை உள்ள போனது யாரு?" என்று மட்டும் கேட்டானாம். வாரண்டி அத்தோடு போயிற்று. வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு, அண்ணன் மறுபடி ஊரார் வண்டிக்கே போனார். தம்பியை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேச்சை நிறுத்திவிட்டார். "முதல்ல இருந்தபடிதான் வச்சேன் அத்தை" என்று மாப்பிள்ளை அன்று முழுக்க என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன வாரம் வாசலில் ஒரு புது லாரி வந்து நின்றது. இறங்கினது அந்த அண்ணன். முதலாளி வண்டி. இவர்கள் அண்ணன் தம்பி என்று அறியாமல் அவர் இங்கேயே அனுப்பிவிட்டார். மலைமேல் சரக்கு ஏற்ற வரிசையில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் தானாக அணைகிறது. அணைந்தால் சூடு நின்று உள்ளே பனிக்கட்டியாகிவிடுகிறது. அண்ணனுக்கோ போன குளிரிலிருந்து நெஞ்சு சரியில்லை. அவர் உள்ளே வந்து ஒரு நாற்காலியை வாசல் வரைக்கும் இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, முதலாளி லெட்டர் குடுத்திருக்காரு. அஞ்சு நிமிஷத்தை நாப்பது ஆக்கணுமாம்" என்றார் என்னிடம்.

இரண்டு கை தூரத்தில் நின்ற மாப்பிள்ளையும் என்னைத்தான் பார்த்தார். "அத்தை, நெஞ்சு எப்படி இருக்குன்னு கேளுங்க."

"லெட்டர்ல நெஞ்சைப் பத்தி ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்கம்மா."

"நான் என்ன டெலிபோன் கம்பியா? ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துப் பேசுங்கப்பா" என்று சத்தம் போட்டேன்.

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார், படம் எடுத்தார். வயரைச் செருகும்போது இரண்டு தடவை தவறியது. பிறகு இறங்கி வந்து, அந்த எண்ணிக்கை தெரிகிற மாதிரி லேப்டாப்பை அண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்து, "ஒண்ணு" என்றார். அண்ணன் தெருவைப் பார்த்தார். மாப்பிள்ளை திரும்பப் போய் நேரத்தை மாற்றிவிட்டு மறுபடி வந்தார்.

"இப்பவும் ஒண்ணுதாண்ணே. இது திறந்த ரூமுண்ணே. பாருண்ணே."

அண்ணன் திரும்பவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. எழுந்துபோய்த் திரையைப் பார்த்தேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன, நிமிர்ந்து நிற்கிற ஒற்றைக் கோடு எனக்கும் தெரியும். "ஒண்ணுதான்பா, நான் பார்த்துட்டேன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிம்மா" என்று எழுந்தார் அண்ணன்.

அந்த வார்த்தையைக் கேட்டு மாப்பிள்ளை லேப்டாப்பை மூடின விதத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

வண்டியில் ஏறினதும் வழக்கம்போல இருக்கையை இழுக்கக் குனிந்தார் அண்ணன். இழுக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைத் திருப்பக் கையை நீட்டினார். அதுவும் அவர் வைத்தபடியே இருந்தது. நீட்டின கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு வண்டி போய்விட்டது.

நாற்காலி வாசலிலேயே தெருவைப் பார்த்துக் கிடந்தது. வட்டத்துக்குள் வைக்கலாம் என்று நான் எழுந்தேன். "இருக்கட்டும் அத்தை" என்றார். ஆறு நாளாக அதை நகர்த்தாமல் சுற்றிச் சுற்றித்தான் கூட்டுகிறார். வருகிறவர்கள் இடித்துக்கொள்கிறார்கள், முணுமுணுக்கிறார்கள். இன்று காலையில் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் மண்டியிட்டார். அந்த நாற்காலியின் நாலு காலையும் சுற்றி, அது நின்ற இடத்திலேயே, ஒவ்வொன்றாக வெள்ளை வட்டம் போட்டார்.