சுன்னாகத்திலிருந்து வந்த கப்பி கழற்றி

நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் இருந்த, வாகனம் திருத்தும் கராச்சில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திர வரைபடமும் கடைசல் வேலையும் படித்து முடித்திருந்தேன். கடைசல் இயந்திரம் சுழல மின்சாரம் வேண்டும். போரால் குடாநாட்டில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. ஆகவே முதலாளி ஒரு கொப்பியையும் பென்சிலையும் தந்து, கொட்டிலில் குவிந்து கிடந்த பழைய பாகங்களுக்குப் பட்டியல் போடச் சொன்னார்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. எந்த வாகனத்தின் பாகம், என்ன அளவு, எங்கே பழுது, திரும்பப் பாவிக்கலாமா என்று நான்கு நிரல்கள் போட்டேன். வவுனியாவைத் தாண்டிப் புதுப் பாகம் எதுவும் வராத காலம் அது. செத்த வாகனங்களின் எலும்பில்தான் மற்ற வாகனங்கள் ஓடின. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கராச்சில் எவராவது ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினால் நான் கொப்பியைப் பார்க்காமலே இருக்கு அல்லது இல்லை என்பேன். இல்லை என்பதைத்தான் கூடுதலாகச் சொல்லியிருப்பேன்.

தலைமை மெக்கானிக்கை எல்லோரும் அண்ணை என்போம். ஐம்பது வயது. எஞ்சினின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். சுத்தியலில் அவருக்கு இருந்த நம்பிக்கைதான் என்னைப் பயப்படுத்தும்.

ஓகஸ்ற் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நாலைந்து பேர் ஒரு பழைய இங்கிலாந்துக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்பக்கத்தில் ஆவி பறந்தது.

"என்ன, கார் புட்டு அவிக்குதே?" என்றார் அண்ணை.

தள்ளி வந்தவர்களில் வியர்த்து நனைந்திருந்தவர்தான் காரின் சொந்தக்காரர். தொண்டைமானாற்றுக்காரர். கடற்றொழில் முடங்கியபின் காரை வாடகைக்கு ஓட்டுகிறவர். அவர் சிரிக்கவில்லை.

"பகிடி விடாதையுங்கோ அண்ணை. திங்கக்கிழமை மகளுக்கு ஏ.எல். சோதினை. கார் இல்லாட்டி அவள் வரேலாது."

பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் அந்தப் பரீட்சைக்கு, மற்றப் பிள்ளைகள் எல்லோரும் நெல்லியடிப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் வருவார்கள். இவருடைய மகள் மூன்று வாரத்துக்கு முன் கிணற்றுக்கட்டில் சறுக்கித் தொடை எலும்பை முறித்திருந்தாள். இடுப்பிலிருந்து பாதம்வரை பிளாஸ்ரர். காலை மடக்கி இருக்க முடியாது. பின்சீற்றில் குறுக்கே காலை நீட்டிச் சாய்ந்தபடிதான் எங்கும் போகலாம்.

"மாட்டு வண்டில்?" என்று கேட்டேன்.

"றோட்டுக் கிடங்கு பள்ளத்துக்குள்ளை வண்டில் விழுந்தெழும்ப பிளாஸ்ரர் வெடிச்சுப் போம் தங்கச்சி. குலுக்கக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இந்த முறை விட்டா ஒரு வருசம். அடுத்த வருசம் ஆர் எங்கை இருப்பினமோ."

அண்ணை குனிந்து பார்த்தார். நீர்ப்பம்பியின் தண்டுப் பக்கத்தால் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீரைச் சுற்றி ஓடச் செய்வது இந்தப் பம்பி. அதன் தண்டின் வெளிநுனியில் ஒரு வார்ப்பிரும்புக் கப்பி இருக்கும். எஞ்சினின் பெல்ட் அந்தக் கப்பியைச் சுழற்றும், கப்பி தண்டைச் சுழற்றும். தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் வளையமும் பெயாரிங்கும் உள்ளே இருக்கின்றன. அவற்றை மாற்ற வேண்டுமானால் முதலில் கப்பியைக் கழற்ற வேண்டும்.

"ரேடியேற்றருக்கு என்ன தண்ணி ஊத்துறனீர்?" அண்ணை கேட்டார்.

"எங்கடை கிணத்துத் தண்ணி."

"சவர்த் தண்ணி!"

"நல்ல தண்ணி ஒரு மைல் போய் அள்ளி வாறது அண்ணை. மனிசர் குடிக்கிறதைக் காருக்கு ஊத்தினா மனிசி என்னை வீட்டுக்குள்ளை விடுவாளே?"

அண்ணை தலையில் கை வைத்தார். கடல்நீரேரியின் வாயில் இருக்கிற ஊர், கிணறெல்லாம் உவர். அந்த உவர்நீர் இரண்டு வருடமாகத் தண்டில் ஒழுகி, கப்பியையும் தண்டையும் துருவால் ஒட்டி ஒன்றாக்கிவிட்டிருந்தது. பம்பியைக் கழற்றி மேசையில் வைத்தபோது எது கப்பி எது தண்டு என்று கோடு பிரிக்க முடியவில்லை.

அண்ணை ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் இரண்டு போடு போட்டார். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"அண்ணை, நில்லுங்கோ. உந்தக் கப்பி எங்களிட்டை வேறை இல்லை. பட்டியலிலை ஒண்டிருக்கு, அது விளிம்பு உடைஞ்சது."

"பருத்தித்துறைக் கராச்சிலை?"

"போன மாசம் கேட்டனான். அங்கையும் இல்லை."

வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. விளிம்பில் ஒரு அடி பிழைத்தால் துண்டாகிவிடும். எங்களிடம் மூன்று கால் கொண்ட கழற்றி ஒன்று இருந்தது. அதன் கால்நகங்கள் தடிப்பு. கப்பிக்கும் பம்பியின் உடலுக்கும் இடையில் சின்னி விரல் போகிற இடைவெளிதான். அந்த நகங்கள் விளிம்பை மட்டுமே பிடித்தன. விளிம்பைப் பிடித்து இழுப்பது, உடைக்கிற வேலையை மெதுவாகச் செய்வதுதான்.

நான் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு படம் கீறினேன். பின்னால் நுழையக்கூடிய மெல்லிய தட்டு, இரண்டு பாதியாக. அதிலிருந்து முன்னுக்கு இரண்டு நீள போல்ட். அவற்றுக்குக் குறுக்கே ஒரு சட்டம். சட்டத்தின் நடுவில் தண்டைத் தள்ளும் ஒரு திருகு. கடைசல் இயந்திரம் ஓடினால் ஒரு நாளில் செய்யலாம். அண்ணை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, உதை ஏன் கீறிறாய்? உது சுன்னாகத்திலை இருக்கு."

சுன்னாகத்தில் லொறி திருத்துகிற கராச் ஒன்றில் இருக்கிறதாம். குடாநாட்டில் அப்படி ஒன்றுதான் அவர் கண்டதாம். ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கருவி கேட்டுப் போகிறவர் தன் கருவி ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். அதுவும், அது இல்லாவிட்டால் தன் வேலையே ஓடாது என்கிற கருவியாக இருக்க வேண்டும்.

"பழைய திருப்புளியைக் கொண்டு போனா, அங்கை சாமான் அறையிலை இருக்கிற மனுசி சிரிச்சு அனுப்பிவிடும்" என்றார்.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டேன். மயிரளவும் பிசகாமல் அளக்கிற என் வேர்ணியர் அளவியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் முதலாவதாக வந்ததற்குப் பரிசாகக் கிடைத்தது. வல்லை வெளியில் சோளகக் காற்று முகத்தில் அடித்தது. சைக்கிளை மிதித்தது பாதி, தள்ளியது பாதி. சுன்னாகத்தில் வெங்காயச் சந்தை கலைகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

கராச்சின் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். எங்கிருந்து, எதற்கு வந்தேன் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நெல்லியடியிலை ஆம்பிளையள் முடிஞ்சு போச்சினமோ?"

"இருக்கினம் அக்கா. சுத்தியலோடை இருக்கினம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வேர்ணியரை வாங்கி, தாடையைத் திறந்து மூடி, வெளிச்சத்தில் பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்த்தார். இந்த மனுசிக்கு வேலை தெரியும் என்று எனக்கு விளங்கியது.

"இது இல்லாமல் உனக்கு எத்தினை நாள் ஓடும்?"

"ஒரு நாளும் ஓடாது."

"அப்ப சரி. நாளைக்குக் கொண்டு வா. கப்பி கழண்டாலும் கொண்டு வா, கழறாட்டிலும் கொண்டு வா. வளைச்சுப்போட்டு மட்டும் என்ரை முகத்திலை முழியாதை."

கருவியைக் கையில் வாங்கியதும் நான் கீறிய படத்தை நினைத்து வெட்கப்பட்டேன். பாதித் தட்டுகள் லொறி வில்லுத்தகட்டில் வெட்டியவை. அவற்றின் உள்விளிம்பு கத்திபோலத் தேய்க்கப்பட்டிருந்தது. எந்த ஒடுக்கமான இடைவெளியிலும் முதலில் நுனி நுழையும், நுழைய நுழையத் தடித்து, கப்பியின் நடுப்பகுதியைப் பின்னாலிருந்து முழுதாகத் தாங்கும். விளிம்பில் பாரமே விழாது. நடுத்திருகின் புரி மிக நெருக்கமானது. ஏதோ ஒரு பழைய இயந்திரத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். திருகின் நுனியில் ஒரு சிறு பெயாரிங் குண்டு பதித்திருந்தது. திருகு சுழன்றாலும் தண்டின் முகத்தைச் சுரண்டாது. குறுக்குச் சட்டத்தின் மூலைகள் கையைக் கிழிக்காதபடி அரத்தால் மழுக்கப்பட்டிருந்தன. ஒருவர் தன் கையை மட்டும் நினைத்து அதைச் செய்யவில்லை. அடுத்தவர் கையையும் நினைத்திருக்கிறார்.

"ஆர் அக்கா செய்தது?"

"தெரியாது. நான் இங்கை வரேக்கையே உது கிடந்தது."

மத்தியானம் திரும்பி வந்தேன். அண்ணை இரவு முழுவதும் கப்பியின் நடுவில் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார். காரின் சொந்தக்காரரும் வந்திருந்தார். நான் கொப்பியில் ஒன்பது படி எழுதிக்கொண்டு, ஒன்றிலிருந்து தொடங்கினேன். தட்டுகள் நுழைந்தன. போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கினேன். நடுத்திருகைக் கால்வாசி சுற்றினேன். இன்னொரு கால்வாசி. இறுகியது. இன்னும் சுற்றக் கையை வைத்தேன்.

"தங்கச்சி, நில்லு" என்றார் காரின் சொந்தக்காரர். "உது சரிஞ்சு வருது."

"நேராத்தானே இருக்கு?"

"இல்லைப் பிள்ளை. பாரம் ஒரு பக்கம் ஏத்தின தோணி இப்பிடித்தான் நிக்கும். என்ரை கண்ணுக்குத் தெரியுது."

தட்டிலிருந்து சட்டம்வரை இரு பக்கமும் அளக்க வேர்ணியரைத் தேடிக் கை போனது. அது சுன்னாகத்தில் இருந்தது. ஒரு நூலை எடுத்து அளந்தேன். ஒரு பக்கம் ஒரு நூல்தடிப்பு அதிகம். அப்படியே இறுக்கியிருந்தால் பாரம் முழுதும் ஒரு பக்கத்தில் ஏறி, கப்பி அந்தப் பக்கமாக வெடித்திருக்கும்.

திருகைத் தளர்த்தித் தட்டுகளைக் கழற்றினோம். அண்ணை கிறீசைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

"பிள்ளை, இங்கை பார்."

தட்டுகளின் முனைகளில் புள்ளிகள் குத்தியிருந்தன. ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் இரண்டு. மற்றத் தட்டிலும் அதேபோல. ஒன்றோடு ஒன்றும், இரண்டோடு இரண்டும் சேர வேண்டும். நான் தட்டு ஒன்றைப் புரட்டிப் போட்டு, ஒன்றோடு இரண்டைச் சேர்த்திருந்தேன். செய்தவர் இப்படி ஒருத்தி வருவாள் என்று எதிர்பார்த்துக் குறித்து வைத்திருந்தார். என் ஒன்பது படிகளில் அந்தப் படி இல்லை.

"படிச்ச பிள்ளை ஒண்டு ரெண்டு எண்ண மறந்துபோச்சு" என்றார் அண்ணை.

புள்ளிகளைச் சேர்த்துத் திரும்பப் பூட்டினேன். கால்வாசி சுற்று. திருகின் தலையில் ஒரு சிறு தட்டு. நூறு எண்ணும்வரை பொறுத்தல். திரும்பக் கால்வாசி. அண்ணையின் கை இரண்டு தடவை பெரிய சுத்தியலுக்குப் போய்த் திரும்பியது. காரின் சொந்தக்காரர் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றார். எத்தனை கால்வாசி என்று நான் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்ட வேலைகள் குறைவு.

டக் என்று ஒரு சத்தம்.

சுவரைப் பார்த்து நின்றவர் அப்படியே கீழே குந்திவிட்டார். "வெடிச்சுப்போச்சே? சொல்லுங்கோ, வெடிச்சுப்போச்சே?"

நான் விளிம்பு முழுவதும் நகத்தால் தடவி வந்தேன். நகம் எங்கும் தடக்கவில்லை. கப்பிக்குப் பின்னால் தண்டில் மயிரளவு புதிதாகத் துரு தெரிந்தது. அது முன்பு கப்பிக்குள் இருந்த பகுதி.

"இல்லை அண்ணை" என்று குந்தியிருந்தவரிடம் சொன்னேன். "கழண்டிட்டுது."

அதற்குப் பிறகு விரலால் சுற்றுகிற அளவுக்குத் திருகு இலகுவாகிவிட்டது. கப்பி என் உள்ளங்கையில் வந்து இருந்தது. அண்ணை அந்தக் கருவியை வாங்கி, தட்டுகளின் புள்ளிகளைப் பெருவிரலால் தடவினார். "செய்தவன் மனுசன்தான்" என்றார். அவர் வாயிலிருந்து சுத்தியல் அல்லாத ஒரு பொருளுக்கு அப்படிப் பாராட்டு வந்ததை நான் வேறு நாளில் கேட்டதில்லை.

பெயாரிங் என் பட்டியலில் இருந்தது. ஒழுகாமல் தடுக்கும் வளையத்துக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் தோல் வாசரைக் கொழுப்பில் ஊற வைத்து அண்ணை வெட்டினார். ஞாயிறு காலை அண்ணையும் காரின் சொந்தக்காரரும் பம்பியைப் பூட்ட, நான் சுன்னாகம் போனேன். அக்கா நூல் பிடித்துச் சட்டம் வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேர்ணியரைத் தந்தார்.

"கழண்டுதோ?"

"ஓம் அக்கா. முதலிலை தட்டை மாறிப் பூட்டிப்போட்டன்."

"எல்லாரும் மாறித்தான் பூட்டுறவை" என்றார். "சொல்லுறவை குறைவு."

திங்கட்கிழமை ஏழரைக்குக் கராச் வாசலில் நின்றேன். அண்ணையும் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே வந்து நின்றார். தோல் வாசர் தாங்குமா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அரை மைலுக்கு அப்பால் மண்ணெண்ணெய்ப் புகை முதலில் வந்தது, பிறகு கார். தகப்பன் இரண்டு கையாலும் ஸ்ரேறிங் வளையத்தைப் பிடித்து, கிடங்குகளை விலத்தி, நடக்கிற வேகத்தில் ஓட்டி வந்தார். முன்பக்கத்தில் ஆவி இல்லை. கீழே ஒரு சொட்டும் இல்லை. அண்ணை குந்தியிருந்து றோட்டைப் பார்த்தார்.

பின்சீற்றில் அவள் சாய்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை, இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல், மடியில் கொப்பி. உதடு அசைந்துகொண்டிருந்தது, ஏதோ சூத்திரம் பாடமாக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். தகப்பன் எங்களைக் கண்டு ஹோர்ன் அடித்தார். அவள் நிமிர்ந்து பார்க்காமல், எரிச்சலோடு, "அப்பா, சத்தம் போடாதையுங்கோ" என்றாள்.

கார் பள்ளிக்கூடப் பக்கம் திரும்பியது.