நாற்பதைத் தாண்டினால் இருமும் வண்டி

வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் தேவஇரக்கம், வயர்களைக் கட்டுவதற்கு முன் நூலை மெழுகுவர்த்தித் துண்டில் இரண்டு தடவை இழுப்பார். பிறகு ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நாலு விரற்கடைக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டே போவார். விளக்கு வயர், ஹாரன் வயர், காயில் வயர் எல்லாம் ஒரே கட்டாக, பின்னிய சடைபோலப் போகும். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் அந்தக் கட்டைப் பார்த்தே, “இரக்கம் வேலையா?” என்று கேட்பார்கள்.

தொண்ணூற்று நாலில் அந்தக் கேள்வி மாறியது. “மைதீன் பெட்டி பாத்தியளா?”

பீர் மைதீன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர். கூமாப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருந்த சமுத்திரத்தின் பழைய மோட்டார் சைக்கிளுக்குச் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்துகொடுத்திருந்தார். இன்ஜின் வேகத்துக்குத் தக்கபடி பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். வயர் வேலை மட்டும் தேவஇரக்கத்துக்கு. ஆனால் ஊர் பேசியது பெட்டியைப் பற்றித்தான். வீட்டில் அவர் மனைவி பரிபூரணம்கூட, “அந்த மனுசனுக்கு எம்புட்டு மூள!” என்றாள். அன்று தேவஇரக்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் வண்டி நாற்பதைத் தாண்டினால் இருமியது. குலுங்கியது. மைதீன் இரண்டு தடவை பஸ்ஸில் வந்து பெட்டிக்குத் தகர உறை போட்டார், மின் இரைச்சலை அடக்கக் கண்டன்சர் வைத்தார். கையடக்க ரேடியோவை அருகில் பிடித்து, அது கரகரப்பதைக் கேட்டுத் தலையாட்டினார். “நாய்ஸ் அடிக்குது அண்ணாச்சி. எங்கேருந்துன்னுதான் பிடிபடல.”

“ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன்” என்றார் சமுத்திரம். “பொறவு கழட்டி எறிஞ்சிருவேன்.” அதே பெட்டியைக் கேட்டிருந்த வத்திராயிருப்புக்காரர்கள் மூன்று பேரும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் காத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரம், தேவஇரக்கம் சமுத்திரம் விட்டுப்போயிருந்த வண்டியை ஸ்டார்ட் செய்து தன் ரேடியோவைப் பெட்டியருகே பிடித்தார். லேசான கரகரப்பு. டேங்குக்கு அடியில் போன தன் வயர்க்கட்டு ஓரமாக ரேடியோவை நகர்த்தினார். அது அலறியது.

பிளேடால் நாலு முடிச்சை அறுத்தார். இன்ஜின் தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லும் மெல்லிய வயர், பிளக்குக்குப் பொறி அனுப்பும் காயில் வயரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு பொறிக்கும் காயில் வயரில் வெட்டும் மின் அதிர்ச்சி மெல்லியதிலும் தாவியது. பெட்டி அதையும் சேதி என்று நம்பி, வேளை கெட்ட வேளையில் பொறி விட்டது. இரண்டையும் ஒரு சாண் விலக்கிப் பிடித்து ஆக்சிலேட்டரை முறுக்கினார். ஓர் இருமல் இல்லை.

இன்ஜினை அணைத்தார். பிறகு இரண்டு வயரையும் பழையபடி சேர்த்துவைத்து, நூலை மெழுகில் இழுத்து, மறுபடி முடிச்சுப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சமுத்திரம் வந்ததும் ஆரம்பித்தார். “ஏலே இரக்கம், கழட்டுடே அந்தச் சனியன. ரேடியோக்காரன் பேச்சக் கேட்டு வண்டிக்குச் சளி பிடிச்சதுதான் மிச்சம்.”

மைதீனும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தார். சட்டைப் பையில் இருந்த ஸ்குரூ டிரைவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவஇரக்கம் பெட்டியைத் திறந்தார். உள்ளே இணைப்புகளை ஒட்டிய ஈயப்பற்றுகள் கடுகு தூவியதுபோல, ஒன்றுக்கொன்று அளவு மாறாமல் இருந்தன. அவ்வளவு சுத்தமான கைவேலையை அவர் பார்த்ததில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“செத்த நேரம் குடுங்க. நான் பாக்கேன்.”

இருவரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, மெல்லிய வயரைக் கட்டிலிருந்து பிரித்து, வண்டியின் மறுபக்கமாகத் தனியே கொண்டுபோனார். பெட்டியை மூடினார்.

சமுத்திரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பினார். “அறுபதுல கத்தி மாதிரி போகுதுடே! என்ன பண்ணின?”

“பெட்டிக்குள்ள ஒரு ஜாயிண்ட் விட்டிருந்துச்சு” என்றார் தேவஇரக்கம். “ஈயம் வச்சுப் பத்த வச்சேன்.”

மைதீன் அவரைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். “அப்படியா அண்ணாச்சி… கவனிக்காமப் போயிட்டேனே.”

பொய் என்று தெரிந்தும் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்து, தேவஇரக்கம் அதற்கும் சேர்த்து அவர்மேல் எரிச்சல்பட்டார்.

இரண்டு வருஷம் கழித்து ரேடியோ ரிப்பேருக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். மைதீனின் கடையில் மைக்கேல் என்று புது ஆள் உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் மைதீனின் மனைவி ஆயிஷா பீவிதான் சொன்னாள்: “அவிய இப்ப ஈரோட்டுல ஜவுளிக்கட வேலைக்குல்லா போறாவ. ஒரு வண்டியில ஜாயிண்ட் விட்டுப்போச்சாம். அன்னையிலருந்து தன் கையையே நம்பல. வத்திராயிருப்புக்குன்னு செஞ்சு வச்சிருந்த மூணு பெட்டியையும் ஒவ்வொரு ஈயப்பத்தா உருக்கிப் பிரிச்சுப் பாத்தாவ. ஒண்ணுலயும் தப்பு இல்ல.”