நாத்தனார் முடிச்சும் ஒரு சவுரியும்

தம்பிக்குக் கல்யாணம் முடிவானபோது என் தலையில் பாதி முடிதான் மிச்சம் இருந்தது. மழைக்காலத்தில் வந்த டைபாய்டு காய்ச்சல் மீதியைக் கொத்துக் கொத்தாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. "திரும்ப வளரும், பொறுமையா இருங்க" என்றார் டாக்டர். பொறுமையாக இருக்க எனக்குச் சம்மதம்தான். அம்மாவுக்குத்தான் இல்லை.

"பொண்ணுக்குப் பின்னால நின்னு நாத்தனார் முடிச்சுப் போடப் போறது நீதான். வீடியோக்காரன் ஒந் தலையத்தான் புடிப்பான். எலிவாலு மாதிரி சடையத் தொங்க விட்டுக்கிட்டு நிக்கப் போறியா?"

"நின்னா என்னம்மா?"

"என்னவா? சிலமலையில இருந்து சம்பந்தகாரவுக ஊரே தெரண்டு வருவாக. வெரசா ஒரு சவுரி வாங்கு."

என் வீட்டுக்காரர் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் போடிமெட்டு ஏறும் ஜீப்பின் டிரைவர். அவரிடம் யோசனை கேட்டேன். "துண்டக் கட்டிக்க. மேல காட்டுல எல்லாப் பொம்பளையும் அப்பிடித்தான் இருக்காக" என்றார், சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. பட்டுச் சேலைக்கு மேல் துண்டு! அத்தோடு அவரிடம் கேட்பதை விட்டேன்.

முதல் சவுரியை போனில் பார்த்து வாங்கினேன். 'நூறு சதவீதம் மனித முடி' என்று போட்டிருந்தது. படத்தில் இருந்த பெண்ணின் கூந்தல் அருவி மாதிரி விழுந்தது. வந்து சேர்ந்த பொட்டலத்தைப் பிரித்ததுமே புது பிளாஸ்டிக் வாளியின் வாசனை அடித்தது. பொம்மைக்கு வைக்கிற முடிபோல ஒரே பளபளப்பு. ஓர் இழையை உருவி அடுப்பில் காட்டினேன். உண்மையான முடி என்றால் பொசுங்கி நாறும், விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிரும். இது சுருங்கி, உருகி, கடுகு மாதிரி உருண்டையாகிவிட்டது. "ஒண்ணு போனாப் போகுது, அதையே வச்சுக்க, யாரு அடுப்புல காட்டிப் பாக்கப் போறா?" என்றார் அம்மா. எனக்கு அப்போதே கோபம் ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது, போடி கடைத்தெருவில் ஒரு பேன்சி ஸ்டோரில். இந்த முறை கெட்டிக்காரியாகத்தான் போனேன். கடைக்காரரையே நெருப்புக் குச்சி கிழிக்கச் சொன்னேன். பொசுங்கியது, நாறியது, சாம்பலானது. "ஒரிஜினல்க்கா, கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் வாங்கினேன். நான் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள். நாள் முழுக்க ஜன்னல் வெளிச்சத்தில் பச்சையைப் பார்த்துப் பார்த்து ஒதுக்குகிற இந்தக் கண், அந்தக் கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே தூங்கிவிட்டது. வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தால் செம்பட்டை. சரி, கொஞ்சம் சாயம் பூசிக்கொள்ளலாம் என்று ஷாம்பு போட்டு அலசினேன். பட்டுப்போல இருந்தது ஒரே அலசலில் தேங்காய் நாராகிவிட்டது. சீப்பு உள்ளே போனால் வெளியே வர மறுத்தது.

ஈரத்தோடு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

"தண்ணில போட்டீகளாக்கா?" என்று கேட்டார் கடைக்காரர், நான் ஏதோ தீயில் போட்டதுபோல.

"முடின்னா அலசாம வச்சுக்குவாகளா?"

"இதெல்லாம் சீப்புல உதிர்ற முடிக்கா. வீடுவீடா வாங்கி, சேத்துக் கட்டுறது. வேரு எது நுனி எதுன்னு யாரு பாத்தா? தலைகீழாக் கலந்து கெடக்கும். மேல பூச்சு இருக்குற வரைக்கும் தெரியாது. அலசுனா ஒண்ணோட ஒண்ணு சிக்கத்தான் செய்யும்."

"வாங்குறப்பவே இதச் சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலையேக்கா."

தலையில் வைத்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். தலையில் வைக்கவே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன். பாதியில் அவர் முகம் மாறியது.

"சீப்பு முடியா? அதத் தெருவுல வர்ற ஆளு எடுத்துக்கிருவான்ல. நாங்கூடப் போட்டேன்."

"எந்த முடிய?"

"ஒங் காய்ச்சல் முடியத்தான். அம்புட்டையும் உருட்டி வச்சிருந்தேன். குளியலறையில இருக்கே பச்ச மக்கு, அதுக்குப் போட்டேன்."

என் சொந்த முடி, என் சொந்த நிறம். அதைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் மக்கு. இப்போது ஊரெல்லாம் சவுரி தேடுகிறோம். நான் அழுவதா சிரிப்பதா என்று நிற்கையில் அம்மா, "நல்ல மக்குதான், இன்னும் ஒழுகல" என்றார்.

கடைசியில் மதுரைக்கு ரயில் ஏறினோம். அங்கே ஒரு கடையில் நான் யாரையும் நம்பவில்லை. ஒவ்வொரு சவுரியையும் தெருவுக்கு எடுத்துவந்து வெயிலில் பார்த்தேன். ரொம்பப் பளபளத்ததை ஒதுக்கினேன். விரலை மேலிருந்து கீழே ஓட்டினேன், பிறகு கீழிருந்து மேலே. ஒரு பக்கம் வழுக்கி, எதிர்ப்பக்கம் லேசாகச் சொரசொரத்தால் எல்லா முடியும் ஒரே திசையில் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் தண்ணீர் வாங்கி நனைத்தும் பார்த்தேன். "கத்திரிக்கா வாங்குறவ மாதிரி மானத்த வாங்குறா" என்று கடைக்காரப் பெண்ணிடம் அம்மா முறையிட்டார். அவருக்கு வேண்டியது இடுப்புக்குக் கீழே தொங்கும் நீளம். அதை வைத்துப் பார்த்தேன். மிச்சமிருக்கிற என் முடியையும் வேரோடு பிடுங்கிவிடும் கனம். முதுகு நடுவில் முடிகிற, நுனி மெலிந்த ஒன்றை எடுத்தேன். நுனி மெலிந்திருந்ததால்தான் அது நிஜமான தலையில் வளர்ந்ததுபோல இருந்தது. ரயிலில் தேனி வரும்வரை அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

முகூர்த்தத்தன்று என் சவுரி ஒழுங்காக உட்கார்ந்தது. அம்மாகூட இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். தம்பி முதல் முடிச்சுப் போட்டான். அடுத்தது நான் குனிய வேண்டும். பெண்ணின் சித்தி மல்லிகைச் சரத்தோடு சடையைத் தூக்கிப் பிடித்தாள். தூக்கிய வேகத்தில் சடை பிடரியிலிருந்து கழன்று இறங்கத் தொடங்கியது. நான் சட்டென்று இடது கையால் அமுக்கிக்கொண்டேன். உள்ளே கைக்குத் தட்டுப்பட்டது சவுரிக் கயிறு.

மணப்பெண் தலையைத் திருப்பாமல், உதடு அசையாமல் சொன்னாள்: "மதினி, விட்டுறாதீக. சவுரி."

ஐயர், "வெரசா கட்டும்மா, நேரமாகுது" என்றார். எதிரே கேமரா. மேளம் காதைக் கிழித்தது. என் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி அவள் சடையில் குத்திவிட்டு, இரண்டு முடிச்சையும் போட்டு முடித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவிடமும் நான் சொல்லவில்லை.

மறுவீடு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த அன்று தம்பி பெண்டாட்டி அடுப்படிக்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன வருஷம் டெங்கு வந்து அவளுக்கும் முடி கொட்டியதாம். கல்யாணத்துக்கு வைத்ததும் போனில் வாங்கியதுதானாம்.

"ஒங்களுது நெசமான தல மாதிரியே இருந்துச்சு மதினி. எங்க வாங்குனீக?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்ட பாடெல்லாம் யாருக்காவது உதவட்டும் என்று அடுத்த வாரமே அவளை மதுரைக்குக் கூட்டிப்போனேன். வழி முழுக்கப் பாடம் நடத்தினேன்: வெயிலில் பார், நனைத்துப் பார், விரலை ஓட்டிப் பார், பளபளப்பை நம்பாதே, கனத்தை எடுக்காதே. எல்லாவற்றுக்கும், "சரிங்க மதினி" என்று தலையாட்டினாள். கடைக்குள் நுழைந்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கியதிலேயே நீளமானதை, கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னியதைக் கையில் எடுத்தாள்.

"இதுதான் மதினி. பாருங்களேன், என்னமா மின்னுது!"

நான் வாயைத் திறப்பதற்குள் அதைப் பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள்.